மஞ்சள் பூசிய கவ்விகள்

ஜூடித்துக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. நார்மன் விழுந்தது அதன் பக்கத்தில்தான். முன்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றி ஓரமாய்ச் சாய்த்துவிட்டு, பிரேக்கைப் பார்க்கக் குனிந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். சாப்பிடக் கூப்பிடப் போனவள் கண்டது, சிமென்ட் தரையில் கன்னம் பதித்துக் கிடந்த கணவனையும், இரும்பு முக்காலியில் ஒரு பக்கத்தை ஏற்றிவைத்தபடி நின்ற காரையும்தான். அது குளிர் தொடங்கிய சமயம். பிறகு பனியும் மழையும் போய் வெயிலும் வந்துவிட்டது. நார்மன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கட்டிலை விட்டு எழுந்து, இடது கையில் தடி ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். கார் மட்டும் மூன்று சக்கரத்தோடு அங்கேயே நின்றது.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய பச்சை ட்ரையம்ப் அது. தாழ்வான உடம்பு, நீண்ட மூக்கு, துணிக்கூரை. பிள்ளையில்லாத அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆகிற சோப்பும் துணியும் நேரமும் அதற்கு ஆகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூடித்தைப் பக்கத்தில் உட்காரவைத்து நார்மன் ஏரிகள் பக்கம் ஓட்டிப்போவான். ஓட்டும் லைசென்ஸ் அவளுக்கும் உண்டு, ஆனால் ஸ்டியரிங்கை அவள் கையில் ஒருநாளும் தந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

நார்மனுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் பாதி போனதைவிட, பேச்சு போனதுதான் பெரிய கஷ்டமாகிவிட்டது. அவனுக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் புரிந்தது. வாயில் வரும் சொல்தான் வேறாக இருந்தது. தேநீர் வேண்டுமென்றால் 'ஜன்னல்' என்பான். செருப்பைக் காட்டி 'பிஷப்' என்பான். ஆமாம் என்பதும் இல்லை என்பதும் இடம் மாறி வரும். கெட்ட வார்த்தைகள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல், முழுசாக, நேரத்துக்கு வந்தன. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அவை மூளையில் வேறொரு இடத்தில் இருப்பவை என்று விளக்கினாள். எதிர்வீட்டு டோரின் அதைக் கேட்டுவிட்டு, நார்மனுக்கு அந்த இடம் எப்போதும் பெரிதாகத்தான் இருந்தது என்றாள்.

இந்த மாதங்களில் ஜூடித் செய்த வேலைகளைச் சொன்னால் சொல்பவருக்கே மூச்சு முட்டும். எழுப்புவது, கழுவுவது, சவரம் செய்வது, பட்டன் போடுவது, மாத்திரை, பயிற்சி, நனைந்த விரிப்பு, மறுபடியும் பட்டன். பல் டாக்டரிடம் வரவேற்பறையில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டாள். இடுப்பு நிரந்தரமாக வலித்தது. காலையில் கண் திறக்கும்போதே, ஒரு நாள் முழுக்க உழைத்து முடித்தவளைப் போலக் களைத்திருந்தாள்.

வாரத்தில் இரண்டு நாள், இப்படி நோய் கண்டவர்களைச் சர்ச் மண்டபத்துக்கு அழைத்துப் போய் சாப்பாடு போட்டு, பயிற்சி கொடுத்து, மாலையில் கொண்டுவந்து விடுகிற கிளப் ஒன்று ஊரில் இருந்தது. வண்டியே வாசலுக்கு வரும். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொன்னாள், ஜூடித் கெஞ்சினாள். நார்மன் தடியால் தரையைத் தட்டினான். கிளப் பேச்சை எடுத்தாலே எழுந்து, தத்தித் தத்தி கார் நிற்கும் கொட்டகைக்குப் போய், அந்தக் கழற்றிய சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொள்வான்.

அதனால்தான் ஒரு நாள், அவனிடம் சொல்லாமலே, பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஆள் ஒருவனுக்கு அவள் போன் செய்தாள். அவன் பக்கத்து ஊரான லங்காஸ்டரிலிருந்து பின்னால் டிரெய்லர் மாட்டிக்கொண்டு வந்தான். கொட்டகைக் கதவைத் திறந்து, காரைச் சுற்றி வந்து, பிரேக் துருப்பிடித்து இறுகிவிட்டது, உருட்ட முடியாது, இழுத்துத்தான் ஏற்ற வேண்டும் என்றான். அப்போது நார்மன் வாசலில் வந்து நின்றான். தடியைக் குறுக்கே நீட்டினான். முகம் சிவந்து, உதடு கோணி, எதையோ உள்ளேயிருந்து இழுத்து எடுப்பவனைப் போல நின்றுவிட்டுச் சொன்னான்:

"வேண்டாம். நான் இன்னும் முடிக்கல."

விழுந்த நாளிலிருந்து அவன் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. ஒரு சொல்கூடத் தவறவில்லை. ஜூடித் வந்தவனிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, டிரெய்லரோடு அனுப்பிவைத்தாள்.

அன்று மாலை சமையலறை மேஜையில் நார்மனை எதிரே உட்காரவைத்துப் பேசினாள். கோபமாகப் பேசவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே.

"சரி. முடிச்சிடுவோம். உன் கை ஆகாது, என் கையால முடிப்போம். முடிச்சதும் கார வித்துடுவோம். நீ இனிமே ஓட்டப்போறதில்ல, அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கார் போனதும் நீ அந்தக் கிளப்புக்குப் போற. செவ்வாயும் வெள்ளியும். முனகாமப் போற. இதுக்கெல்லாம் சரின்னா நாளைக்கே நான் ஸ்பேனர எடுக்கறேன்."

நார்மன் சந்தையில் பேரம் முடித்தவனைப் போல இடது கையை மேஜைமேல் நீட்டினான். அவள் பிடித்துக் குலுக்கினாள்.

சக்கரத்துக்குப் பின்னால், அதோடு சேர்ந்து சுழலும் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று உண்டு. பிரேக்கை மிதித்தால் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவதுதான் காலிப்பர் என்கிற கவ்வி. முன்சக்கரங்களுக்கு ஒன்று ஒன்றாக இரண்டு. ஜூடித் அதை அத்தனை கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். கடலடியிலிருந்து இழுத்த நங்கூரம் மாதிரி இருந்தது. அவர்கள் ஊரான மோர்க்கம்பில் கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. தோட்டத்துக் கதவின் கீல், டோரின் வீட்டு விளக்குக் கம்பம், எல்லாம் அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கும். கவ்வியில் துரு பொரித்த அப்பளம் போல எழும்பி நின்றது. நகத்தால் கீறினால் தகடாக வந்தது.

நார்மன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தடியால் சுட்டிக் காட்டினான். அவள் பாயைப் போட்டு மண்டியிட்டாள். முதல் நாள் முழுக்கச் சொல்லோடு போராட்டமாகவே போயிற்று. அவன் "கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ்" என்று கத்தினான். அவள் சுத்தியலை எடுத்துக் காட்டினாள், திருப்புளியைக் காட்டினாள், எண்ணெய் டப்பாவைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை கிடைத்தது. கடைசியில் அவன் வேண்டியது, ஸ்பேனரின் கைப்பிடியில் நீளம் சேர்க்க மாட்டும் ஒரு இரும்புக் குழாய். அது அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சாயங்காலத்துக்குள் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். அவன் வாயைக் கேட்கக் கூடாது, கையைத்தான் பார்க்க வேண்டும்.

போல்ட்டுகள் எளிதில் இளகவில்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு அவள் துணி துவைக்கப் போவாள். நார்மனுக்கு மதிய மாத்திரை கொடுப்பாள். திரும்பி வந்து குழாயை மாட்டித் தொங்குவாள். முன்பெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் உறங்கும் நேரத்தில் அவளும் சற்றுச் சாய்வாள். அந்த உறக்கமும் இப்போது போயிற்று. ஒரு மதியம் போல்ட் படக்கென்று இளகியபோது முழங்கை தரையில் இடித்து, தோல் பெயர்ந்தது. அவள் அழவில்லை. அப்படியே சற்று நேரம் தரையில் படுத்துக்கொண்டாள். காருக்கு அடியில் குளிர்ச்சியாக இருந்தது. எழ மனம் வரவில்லை. நார்மன் தடியின் முனையால் அவள் செருப்பை மெல்லத் தட்டிப் பார்த்தான்.

"இருக்கேன்" என்றாள்.

கழற்றிய கவ்விக்குள் இரும்பு உருளைகள் இரண்டு, எதிரும் புதிருமாக, உள்ளேயே இறுகிப்போயிருந்தன. பிஸ்டன் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அவற்றை வெளியே எடுக்க, பிரேக் ஆயில் நுழைகிற துளையில் காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்ப்பை மாட்டி மிதிக்க வேண்டும். நார்மன் ஒரு மரக்கட்டையைக் காட்டி, இரண்டு பிஸ்டனுக்கும் நடுவே வைக்கச் சொன்னான். வைத்தாள். மிதித்தாள். ஒன்றும் அசையவில்லை. மறுபடி மிதித்தாள். கட்டை சற்று நழுவியிருக்கிறதோ என்று, காலை எடுக்காமலே, குனிந்து விரலை விட்டுச் சரிசெய்யப் போனாள்.

"பூனை!" என்றான் நார்மன்.

அவர்கள் வீட்டில் பூனை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் குரல் அவள் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது. இழுத்த மாத்திரத்தில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பிஸ்டன் பாய்ந்து கட்டையில் பதிந்து நின்றது. பழைய ஆயில் கறுப்பாக அவள் சட்டையெங்கும் தெறித்தது. விரல் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கட்டையில் விழுந்த பள்ளமே சொல்லிற்று. நார்மன் பூனை, பூனை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சரியான சொல் வராத கோபத்தில் தலையில் தானே அடித்துக்கொண்டான். அவள் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புரிஞ்சுது. நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுது, நார்மன்."

அதற்குப் பிறகு துரு சுரண்டும் வேலை. இடது பக்கம் முடிந்ததும் வலது பக்கக் கவ்வியும் வந்து சேர்ந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நாள் போவதும் தெரியவில்லை, வேலை நகர்வதும் தெரியவில்லை. மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறத்தில் வந்தது. ரொட்டியில் துருவின் ருசி. ராத்திரி தலையணை உறையிலும் அந்தப் பொடி. டோரின் வாசலில் வந்து நின்று சிகரெட் பிடித்தபடி, கடையில் கொடுத்தால் ஒரே நாளில் செய்து தருவானே, எதற்கு இந்தக் கர்மம் என்று கேட்டாள். ஜூடித் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பேரம் என்றால் பேரம்தான், கடைக்காரனோடு அவள் கை குலுக்கவில்லை.

புது பிஸ்டனும் ரப்பர் வளையங்களும் நார்மன் விழுவதற்கு முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருந்தான். பெயின்ட் மட்டும் இல்லை. பிரேக் சூட்டைத் தாங்கும் பெயின்ட் அது, சாதாரணக் கடைகளில் கிடைக்காது. பேருந்தில் அவனை ஏற்றி இறக்கி, கார்ச் சாமான் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனாள். வெள்ளி நிறம், கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று எழுத்தில் மட்டும் வேறுபட்ட ஒரே மாதிரி டப்பாக்கள் அடுக்கியிருந்தன. பேச்சைப் போலவே படிப்பிலும் அவனுக்குச் சொற்கள் இடம் மாறும். நார்மன் ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். மஞ்சள். இதுவா என்று கேட்டாள், ஆமாம் என்றான். நிச்சயமாகவா என்று கேட்டாள், ஆமாம் ஆமாம் என்றான்.

வீட்டுக்கு வந்து, கொட்டகையில் வைத்து மூடியைத் திறந்ததும் அவன் முகம் மாறிவிட்டது. முட்டைக் கருவைக் கரைத்து ஊற்றினது போன்ற மஞ்சள். கவ்வியைக் காட்டினான், டப்பாவைக் காட்டினான், மேஜையில் கிடந்த கரண்டியைத் தூக்கிக் காட்டினான். அவன் கேட்டது வெள்ளி நிறம். கார் கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. கெட்ட வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன. தடி தரையில் விழுந்தது, ஸ்டூல் சாய்ந்தது.

ஜூடித் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"நான் ரெண்டு தடவ கேட்டேன். நீ ஆமாங்கிறது இல்லையா, இல்லங்கிறது ஆமாவா, எனக்கு எப்படித் தெரியும்? உன் கைக்கும் நான்தான், உன் காலுக்கும் நான்தான், உன் வாய்க்கும் நான்தான். இப்ப இந்தக் காருக்கும் நான்தான். நான் களைச்சுப்போயிட்டேன் நார்மன். களைச்சுப்போறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு இதுக்கு முன்னாடி தெரியாது."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அவனை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிட்டாள்.

கடற்கரைச் சாலையில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, கண்ணுக்கு எட்டின வரை ஈர மணல். யாரோ ஒருவர் நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார். ஏதாவது யோசிக்கத்தான் வந்தாள். ஒன்றும் யோசிக்க வரவில்லை. இப்படியே ரயில் ஏறி எங்காவது போய்விட்டால் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. போகிற இடத்தில் ஒரு கட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. காற்று குளிர்ந்து காது வலிக்க ஆரம்பித்தது. தடி தரையில் கிடக்கிறது, அதை எடுக்கக் குனிந்தால் அவன் விழுந்துவிடுவான் என்பது அப்போதுதான் உறைத்தது. வந்ததைவிட வேகமாகத் திரும்பினாள்.

கொட்டகை வாசலில் டோரின் கை கட்டி நின்றாள். ஜூடித் அவளை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

நார்மன் நாற்காலியில்தான் இருந்தான். மடியில் ஒரு தட்டு, தட்டில் கவ்வி. பெயின்ட் படக்கூடாத இடங்களிலெல்லாம் காகித டேப் ஒட்டியிருந்தது. ஒற்றைக் கையால் இழுத்துப் பல்லால் கடித்து ஒட்டியிருக்கிறான். கிழிந்த துணுக்குகள் உதட்டிலும் தாடையிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. இடது கையில் பிரஷ். ஒரு கவ்வி முழுக்க மஞ்சள் பூசி ஆயிற்று, அடுத்தது பாதி. கம்பளிச் சட்டையில் மஞ்சள், தடியில் மஞ்சள், காது மடலில் மஞ்சள். கை வாட்டத்துக்குப் பூச்சு ஒரு பக்கம் தடித்து வழிந்திருந்தது. ஆனால் ஒரு இடுக்கு விடவில்லை.

"பச்சைக் காருக்கு மஞ்சக் கால்" என்றாள் டோரின். "வாத்துதான் போ. இனிமே கார வெளிய எடுத்தா பின்னாலேயே குஞ்சுங்க வரும்."

நார்மனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நோய்க்குப் பிறகு அவன் சிரித்தால் சட்டென்று நிற்காது. தோள் குலுங்கி, கண்ணீர் வந்து, பிரஷ் கையிலிருந்து நழுவி விழும்வரை சிரித்தான். டோரின் புகை புரையேறிச் சிரித்தாள். ஜூடித் சாய்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தாள். அவளும் சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகி, அப்படியே ஓடிற்று. டோரின், டீ போடுகிறேன் என்று வீட்டுக்குள் போனாள்.

நார்மன் மனைவியின் பக்கம் நாற்காலியை நகர்த்த முயன்றான், முடியவில்லை. மஞ்சள் கையை நீட்டி அவள் முழங்காலில் வைத்தான். வாய் திறந்து மூடியது. மன்னிப்புக் கேட்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. வந்த சொல் வேறு.

"பிறந்தநாள் வாழ்த்துகள்" என்றான், மிகுந்த வருத்தத்தோடு.

"உனக்கும்" என்றாள் ஜூடித்.

பெயின்ட் நன்றாகக் காயட்டும் என்று சில நாள் விட்டார்கள். பிறகு டேப்பை உரித்து, புது ரப்பர் வளையங்களை ஆயிலில் நனைத்து உட்காரவைத்து, புது பிஸ்டன்களைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினாள். கோணலாகப் போனால் நார்மன் தடியால் தரையைத் தட்டுவான். நேராகப் போனால் பேசாமல் இருப்பான். ஒரு துளி பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்திவிட்டது. அவள் துடைப்பதற்குள் அந்த இடத்தில் மஞ்சள் கரைந்து இரும்பு தெரிந்தது. மறுபடி பூசலாமா என்று கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். அவனுக்கும் களைப்பு உண்டு என்பதை அவள் கவனித்தது அப்போதுதான்.

இரண்டு கவ்வியும் காரில் ஏறின. கடைசியாக பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும். குழாய்க்குள் புகுந்த காற்று முழுக்க வெளியேறும்வரை ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில், கவ்வியில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. கல்யாணமான காலத்திலிருந்து மிதிப்பது ஜூடித், அடியில் கிடப்பது நார்மன். இப்போது அவன் ஓட்டுகிற இருக்கையில் உட்கார வேண்டியிருந்தது. அந்தத் தாழ்ந்த காருக்குள் அவனை இறக்குவதற்குள் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது. செத்த வலது காலை அவள் தூக்கி உள்ளே வைத்தாள். அவன் ஸ்டியரிங்கில் கை வைத்து, முன் கண்ணாடி வழியாகக் கொட்டகைச் சுவரைப் பார்த்தான். இடது கால் பெடலைத் தானாகவே தேடிக்கொண்டது.

அவள் நிப்பிளில் மாட்டிய ரப்பர் குழாயின் மறுமுனையை ஜாம் பாட்டிலில் விட்டு, அடியில் படுத்துக்கொண்டாள். எப்போது மிதிக்கச் சொல்வது என்று அவள் தயங்கும்போதே மேலிருந்து குரல் வந்தது.

"கீழ." பெடல் இறங்கியது. "திற." அவள் திறந்தாள். குமிழிகள் பாட்டிலுக்குள் கொப்பளித்தன. "மூடு." மூடினாள். "மேல."

அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்கள், அதனாலோ என்னவோ, நோய்க்குத் தப்பியிருந்தன. ஒன்றும் மாறி வரவில்லை. கீழ, திற, மூடு, மேல. கணவன் சொல்வதை யோசிக்காமல், அர்த்தம் தேடாமல், சொன்னபடி செய்வது எத்தனை சுகம் என்று அடியில் கிடந்தபடி அவள் நினைத்தாள். குமிழி நின்று, ஆயில் மட்டும் தெளிவாக வர ஆரம்பித்த பிறகும், அவள் போதும் என்று உடனே சொல்லவில்லை.

ஏறியவனை இறக்குவது பெரும்பாடாகிவிட்டது. தாழ்ந்த இருக்கை, எதிரே ஸ்டியரிங், ஊன்ற ஒரு கை. இழுத்தால் வலிக்கிறது என்று கத்தினான், விட்டால் மறுபடி உள்ளே சரிந்தான். ஜூடித் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். டோரின் பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவள். படுக்கை விரிப்பை அவன் அக்குளுக்கடியில் சுற்றி, ஒரு முனையை ஜூடித்திடம் கொடுத்து, ஒரே மூச்சில் தூக்கச் சொன்னாள். நார்மன் அவளையும், அவள் செத்துப்போன புருஷனையும், அவள் வீட்டு விளக்குக் கம்பத்தையும் சேர்த்துத் திட்டினான்.

"உருளைக்கிழங்கு மூட்டை எவ்வளவோ தேவல" என்றாள் டோரின். "பாரந்தான் இருக்கும், வாய் இருக்காது."

வருடாந்திரச் சோதனைக்குக் காரை ஜூடித்தான் ஓட்டிப்போனாள். நார்மன் பக்கத்தில், அவள் எப்போதும் உட்கார்ந்த இடத்தில். தெருமுனையில் முதல் தடவையாக அவள் பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு பக்கமும் இழுக்காமல், மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, நேராக நின்றது. நின்றதே என்று அவளுக்கு ஆச்சரியம். தன் கை முடுக்கிய போல்ட்டுகள், தன் கட்டைவிரல் தள்ளிய பிஸ்டன்கள், அவை பிடித்து இத்தனை பெரிய இரும்பு நிற்கிறது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். சோதனை செய்த ஆள் அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பிரேக் நன்றாக இருக்கிறது என்றான். அந்த மஞ்சள் யாருடைய யோசனை என்று மட்டும் கேட்டான். நார்மன் மனைவியைக் கைகாட்டினான். அவள் மறுக்கவில்லை.

வாங்க வந்தது கெண்டல் ஊர்ப் பெண்மணி, ஆட்டு டாக்டர். நெடுநாளாக இந்த மாதிரிக் கார் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாளாம். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சக்கரக் கம்பிகளுக்கிடையே குனிந்து பார்த்து, அந்த மஞ்சளைத் தான் மாற்றப்போவதில்லை என்றாள். நார்மன் சாவியை அவளிடம் தானே கொடுத்தான். கார் தெருமுனை வரை போய், வேகம் குறைந்து, திரும்பி மறைந்தது. அவன் இரவு சாப்பிடவில்லை. ஜூடித் வற்புறுத்தவில்லை. கார் போனால் தலைச்சுமை இறங்கின மாதிரி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். மறுநாள் காலையிலும் விரிப்பு நனைந்திருந்தது, பட்டன்கள் இருந்தன, இடுப்பு வலித்தது.

செவ்வாய்க்கிழமை கிளப் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவன் முரண்டு பிடிப்பான் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். நார்மன் சவரம் செய்த முகத்தோடு, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி நடந்து போய் ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை. முனகவும் இல்லை. பேரம் பேரம்தான்.

ஜூடித் வீட்டுக்குள் வந்தாள். பாத்திரம் கழுவக் கிடந்தது. ஒரு நிமிஷம் உட்காரலாமென்று கட்டிலுக்குப் போனாள். ஒரு செருப்பைக் கழற்றியது நினைவிருக்கிறது.

வாசல் மணி அவளை எழுப்பியபோது மாலை வெயில் சுவரில் ஏறியிருந்தது. ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நார்மனும், அவனைப் பிடித்தபடி வண்டி ஓட்டும் ஆளும் நின்றார்கள். நார்மன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்ததுமே சொல்ல ஆரம்பித்துவிட்டான். யாரோ ஒரு பிஷப், அவர் ஜன்னலைக் கொட்டிவிட்டாராம், அதற்கு இன்னொருவர் கிறிஸ்துமஸால் அடித்தாராம், ஒரே ரகளை. நடுநடுவே கெட்ட வார்த்தைகள் மட்டும் துல்லியமாக விழுந்தன. கை காற்றில் வரைந்துகொண்டே இருந்தது.

ஜூடித் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். களைப்பு போகவில்லைதான். ஆனாலும் இன்றைக்குக் கேட்க முடிந்தது.

"மெதுவாச் சொல்லு" என்றாள். "யாரு எத கொட்டினது?"